தொலைக்காட்சிப் பெட்டியும் ஏட்டுச் சுவடியும்

அரியலூரில் புகைவண்டி நிலையத்திற்கு அணித்தாக உள்ள தெருவொன்றில் என் நண்பர் ஒருவருக்குப் பழைய ஓட்டு வீடு இருந்தது. அதனை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதென்று முடிவு செய்து, சில ஆண்டுகளுக்கு முன்னர் அதன் பரணை ஒழித்தார்கள். ஈயம் போன பித்தளைக் குண்டான்களும், கால் முறிந்த தொட்டிலும், கரையான் அரித்த பஞ்சாங்கங்களும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. எல்லாவற்றிற்கும் பின்னால், பழஞ்சேலையொன்றால் சுற்றிக் கயிற்றால் கட்டப்பெற்ற பெரிய மரப்பெட்டி ஒன்று இருந்தது. இருவர் தாங்கிப் பிடித்து அதனைத் திண்ணையில் இறக்கிவைத்தனர். சேலையை அவிழ்த்தபொழுது, முகப்பில் இருபுறமும் இழுத்து மூடத்தக்க மரக்கதவுகளை உடைய தொலைக்காட்சிப் பெட்டி வெளிப்பட்டது. அதனோடு கட்டியிருந்த துணிப்பையில், அஞ்சல் நிலையத்தில் பணம் கட்டி முத்திரை பெற்ற உரிமப் புத்தகம் ஒன்றும் இருந்தது. வானொலிப் பெட்டிக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் உரிமம் பெற வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. 1980-களின் நடுப்பகுதியில் அம்முறை நீக்கப்பட்டது. இக்கால மாணவர் இதனைக் கேட்டால் நம்பமாட்டார்.

நண்பரின் தந்தையார் சென்னையில் இருப்புப்பாதைத் துறையில் பணியாற்றியவர். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் தொடங்கிற்று. அதன் பின்னர்ச் சிறிது காலத்தில், சேமித்து வைத்திருந்த பணத்தைக் கொண்டு அவர் இப்பெட்டியை வாங்கினார். ஓய்வு பெற்று ஊர் திரும்பியபொழுது இதனையும் உடன் கொணர்ந்தார். ஆனால், அந்நாளில் சென்னையின் ஒளிபரப்பு எங்கள் ஊர் வரையில் எட்டவில்லை. பெட்டி கூடத்தில் வாய் பேசாது நின்றது. அதன்மேல் பூச்சாடி வைத்தார்கள். 1982-ஆம் ஆண்டில் புதுதில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றதை ஒட்டி வண்ண ஒளிபரப்பும் தொடங்கியது. அடுத்துவந்த ஆண்டுகளில் நாடெங்கும் சிறிய ஒளிபரப்பு நிலையங்கள் பெருகின. அதன் பின்னரே அப்பெட்டி மீண்டும் கண் திறந்தது. வெள்ளிக்கிழமை மாலையில் 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சிக்குத் தெருவார் அனைவரும் அக்கூடத்தில் வந்து அமர்வர். இடம் கிடைக்காதவர் சன்னலுக்கு வெளியே நிற்பர். அவ்வாறு சன்னலுக்கு வெளியே நின்றவருள் யானும் ஒருவன்.

பின்னர் வண்ணப் பெட்டிகள் மலிந்தன. 2006-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு அரசு இல்லந்தோறும் இலவசமாக வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கியபொழுது, கறுப்பு வெள்ளைப் பெட்டிகளுக்கு வீட்டில் இடம் இல்லாது போயிற்று. பல பெட்டிகள் பழைய இரும்புக் கடைக்குச் சென்றன. அங்கே செம்புக் கம்பிக்காகவும் அலுமினியத்திற்காகவும் அவற்றை உடைத்தார்கள். படக்குழாயின் பின்புறக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும். அதனை உடைத்துத் தெருவோரத்தில் கொட்டுவது மண்ணுக்கும் நீருக்கும் கேடு. அதனை அறிந்து உடைத்தவர் சிலர்; அறியாது உடைத்தவர் பலர். என் நண்பரின் வீட்டுப் பெட்டி மட்டும், தந்தையாரின் பொருள் என்பதனால் பரணுக்கு ஏறியது.

அன்று திண்ணையில் மூன்று கருத்துகள் எழுந்தன. வாயிலில் நின்ற பழைய இரும்பு வணிகர், இதற்கு நூறு ரூபாய் தரலாம் என்றார். நண்பரின் பேரன், பொறியியல் கல்லூரியில் சேரும் நிலையில் இருந்தவன், "தாத்தா, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, இதே பெட்டிக்குள் புதிய தட்டைத் திரையைப் பொருத்திவிடலாம், பார்ப்பதற்குப் பழையதாகவும் இருக்கும், படமும் தெளிவாக வரும்" என்றான். நண்பருக்கோ, தம் தந்தையார் கண்ட படத்தை அதே கண்ணாடியில் மீண்டும் ஒருமுறை காணவேண்டும் என்னும் ஆசை. மூவரும் என் முகத்தைப் பார்த்தனர். மின்பொறிகளைப் பற்றி யான் ஒன்றும் அறியேன். ஆயினும், பழையதொன்று கைக்கு வந்தால் அதனை எவ்வாறு பேணுவது என்னும் வினா தமிழ் பயின்றவனுக்குப் புதிதன்று.

இங்கு ஒன்று கூற வேண்டும். பழஞ்சுவடிகளைத் தேடித் தமிழுக்கு மீட்டுத் தந்த உ. வே. சாமிநாதையர் இளமையில் தமிழ் பயின்றது எங்கள் நாட்டில்தான். அரியலூரில் சடகோபையங்காரிடமும், பெரம்பலூரைச் சார்ந்த குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் அவர் பாடம் கேட்டார். பின்னாளில் அவர் 1894-ஆம் ஆண்டில் புறநானூற்றைப் பதிப்பித்தபொழுது, அதன் நானூறு பாடல்களுள் 267, 268 என்னும் எண்களுக்குரிய இரண்டு பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகளும் சொற்களும் சிதைந்திருந்தன. அவர் தாமே செய்யுள் இயற்றவல்ல புலவர். அவ்விடங்களைத் தம் சொற்களால் நிரப்பியிருந்தால் அக்காலத்தில் கண்டுபிடித்திருப்பவர் மிகச் சிலரே. அவர் நிரப்பவில்லை. சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினார். 1904-இல் பதிற்றுப்பத்தைப் பதிப்பித்தபொழுதும், கிடைக்காத முதற்பத்தையும் பத்தாம் பத்தையும் கிடைக்கவில்லை என்றே விட்டார். இந்த நேர்மையைத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றிடம் காட்டுவது மிகையோ என்று சிலர் எண்ணக்கூடும். யான் அவ்வாறு எண்ணவில்லை. நண்பரிடம், "உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுப் புதுத்திரை வைப்பது, சுவடிக் கட்டையையும் கயிற்றையும் வைத்துக்கொண்டு நடுவில் அச்சுத்தாளைக் கட்டுவது போன்றது" என்றேன். பேரனின் முகம் வாடியது. ஆயினும், வேலை நடந்த நாட்களெல்லாம் உடனிருந்து கற்றவன் அவனே.

பெரம்பலூரில் வயது முதிர்ந்த வானொலிப் பணியாளர் ஒருவர் இருந்தார். வால்வு வானொலிக் காலத்திலிருந்து அத்தொழிலைச் செய்து வந்தவர். அவரிடம் பெட்டியைக் கொண்டுசெல்வதென்று முடிவாயிற்று. சிறு சுமையுந்தில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் மெத்தையிட்டு, பெட்டியை வைத்துக் கட்டினோம். சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளால் அச்சாலையில் எப்பொழுதும் வெண்புழுதி பறந்துகொண்டிருக்கும், குழிகளும் மிகுதி. ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் செல்வதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஓட்டுநர் சற்றே விரைந்தாலும் நண்பர் அவர் தோளைத் தொடுவார்.

பெட்டியைக் கண்டதும் அப்பெரியவர் கேட்ட முதற்கேள்வி, "ஐயா, பரணிலிருந்து இறக்கிய பிறகு மின்சாரம் கொடுத்துப் பார்த்தீர்களா?" என்பது. இல்லை என்றோம். "நல்லது; கொடுத்திருந்தால் பாதிப் பெட்டி போயிருக்கும்" என்றார். அவர் கூறிய காரணத்தை இங்கு விளக்குவது தகும். பழைய மின்கருவிகளில் கண்டென்சர் என்னும் உறுப்புகள் பல உண்டு. மின்னைச் சிறிது நேரம் தேக்கி வைத்துக் கொடுப்பது அவற்றின் தொழில். ஏரி நீரைத் தேக்கி மதகு வழியே ஒழுங்காக விடுவது போல. அவற்றுள் ஒரு வகையில், அலுமினியத் தகடுகள் இரண்டிற்கு இடையே நீர்மம் ஊறிய தாள் வைத்துச் சுருட்டப்பட்டிருக்கும். தகட்டின்மேல் மிக மெல்லிய ஒரு படலம் உண்டு. அப்படலமே மின் கசியாது தடுப்பது. பல்லாண்டுகள் மின்சாரமின்றிக் கிடந்தால் நீர்மம் உலரும், படலமும் நலியும். அந்நிலையில் முழு மின்னழுத்தத்தையும் ஒருங்கே செலுத்தினால் அவ்வுறுப்புச் சூடேறி வெடித்துவிடும். தன்னோடு வேறு உறுப்புகளையும் கெடுத்துவிடும். பல்லாண்டு உறங்கியவனை முதுகில் அறைந்து எழுப்பலாகாது என்று அவர் கூறியது எனக்கு இனிமையாக இருந்தது.

அவர் செய்த முதல் வேலை துடைத்தல். பின்பலகையைக் கழற்றியபொழுது உள்ளே எலி கூடு கட்டியிருந்ததும், இரண்டு கம்பிகளின் உறையைக் கடித்திருந்ததும் தெரிந்தன. மென்மையான தூரிகையால் ஒரு முழுப்பகல் தூசியை நீக்கினார். அதற்கு முன்னர், காப்பிட்ட கம்பி ஒன்றினால் படக்குழாயில் எஞ்சியிருக்கக்கூடிய மின்னை வெளியேற்றினார். படக்குழாய்க்கு 15,000 வோல்ட் அளவில் மின்னழுத்தம் வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டே. பெட்டியை நிறுத்திய பின்னரும் அம்மின் குழாயில் தங்கியிருத்தல் கூடும். மேலும், அக்குழாயின் உள்ளே காற்று இல்லை. வெளிக்காற்று அதனை எப்பொழுதும் நெருக்கிக்கொண்டே இருக்கும். இருபது அங்குலத் திரை ஒன்றின் முகத்தில் மட்டும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட பளு அழுந்துகிறது. குழாயின் கழுத்து மெல்லியது. அங்கு அடிபட்டால் குழாய் உள்நோக்கி நொறுங்கிக் கண்ணாடித் துண்டுகள் பாயும். பெட்டியின் உட்சட்டமும் சில வகைகளில் வீட்டு மின்சாரத்தோடு நேரே இணைந்திருக்கும்; தொட்டவர் உயிர்க்கு அஃது ஏதமாம். ஆதலின், மாணவர்களே, பழைய பெட்டியின் பின்பலகையைத் திறந்து பார்க்கும் ஆவல் உங்களுக்கு எழுந்தால், தேர்ந்த ஒருவர் அருகில் இல்லாதபொழுது அதனைச் செய்யற்க. அப்பேரனும் முதல் இரண்டு வாரங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றான்.

தொலைக்காட்சி என்பது எவ்வாறு நிகழ்கிறது என்பதனையும் அவர் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். அருகிலிருந்து யானும் கேட்டேன். பெரம்பலூர்ப் பக்கத்தில் பருத்திக் கொல்லையை உழுகின்ற உழவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் நிலம் முழுவதையும் ஒரே நேரத்தில் உழுவதில்லை; ஒரு கரையினின்று மறுகரை வரைக்கும் ஒரு சால், அதன்பின் அடுத்த சால் என உழுகின்றான். படக்குழாயின் கழுத்தினின்று புறப்படும் மின்னணுக் கற்றை அவ்வாறே திரையின் உட்பூச்சின்மேல் இடமிருந்து வலமாக ஓடி ஒளிக்கோடு இடுகிறது. இந்தியாவில் வழங்கிய முறைப்படி ஒரு படத்திற்கு 625 கோடுகள். முதலில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதிக் கோடுகளை இட்டு, மீண்டும் மேலே வந்து எஞ்சிய பாதியை இடும். இவ்வாறு ஒரு நொடிக்கு 25 முழுப்படங்கள். ஆகவே, 15,625 கோடுகள். நம் கண்ணானது கண்டதைச் சிறிது நேரம் தன்னிடத்தே வைத்திருப்பதனால், ஓடுகின்ற ஒரு புள்ளியை நாம் நிலையான படமாகக் காண்கின்றோம். உண்மையில் எந்த நொடியிலும் திரையில் முழுப்படம் என்பதே இல்லை!

இக்கருவி உருவான வரலாறும் சுவையானது. செருமனியரான பவுல் நிப்கோவு என்பார் 1884-ஆம் ஆண்டிலேயே, சுருள்வழியாகத் துளையிட்ட வட்டத்தகடு ஒன்றைச் சுழற்றிப் படத்தைக் கோடு கோடாகப் பிரிக்கலாம் என்று எழுதி உரிமை பெற்றார். ஸ்காத்லாந்தினரான ஜான் லோகி பெயர்டு அக்கருத்தைக் கையில் எடுத்தார். தேயிலைப் பெட்டி, தொப்பி வைக்கும் அட்டைப்பெட்டி, தையல் ஊசி, மிதிவண்டி விளக்கின் கண்ணாடி, அரக்கு ஆகியவற்றைக் கொண்டு அவர் தம் முதற்கருவியைக் கட்டினார். 1926-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள், இலண்டனில் பிரித் தெருவில் உள்ள மாடியறையில், அறிஞர் சிலர்க்கு மனித முகத்தைத் தொலைவிற் காட்டினார். அப்படத்திற்கு 30 கோடுகளே. அதே ஆண்டு திசம்பர் 25-ஆம் நாள் சப்பானில் தகயனாகி என்பார் மின்னணுக் குழாயின் திரையில் தம் மொழியின் எழுத்து ஒன்றைக் காட்டினார். அவ்வெழுத்தின் ஒலி நம் இகரம். தமிழாசிரியனாகிய எனக்கு இச்செய்தியைக் கேட்டபொழுது உண்டான மகிழ்ச்சியை யான் மறைக்கவில்லை. நம் நாட்டிலும், 1959-இல் தில்லியில் தொலைக்காட்சி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, 1950-ஆம் ஆண்டு சனவரியில் சென்னைத் தேனாம்பேட்டையில் நடந்த பொருட்காட்சி ஒன்றில், பி. சிவகுமாரன் என்னும் மின்பொறியியல் மாணவர் தொலைக்காட்சிக் கருவி ஒன்றை அமைத்துக் காட்டினார். அவர் திரையில் காட்டியதும் எழுத்தே. மாணவர் ஒருவர் செய்த அவ்வரிய செயலை நம்மவர் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

பெயர்டு தம் படங்களை 1927-ஆம் ஆண்டிலேயே இசைத்தட்டுப் போன்ற தட்டுகளில் பதிந்து வைத்தார். ஆனால், தம் வாழ்நாளில் அவற்றினின்று தெளிந்த படத்தைப் பெற அவரால் இயலவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அத்தட்டுகள் வெறும் பழம்பொருளாகவே கிடந்தன. 1980-களில் டொனால்டு மக்ளீன் என்னும் பொறியறிஞர் கணிப்பொறியின் துணைகொண்டு அவற்றைப் படித்தார். தட்டுச் சுழன்றபொழுது நேர்ந்த வேகக் குறைகளையும் இரைச்சலையும் நீக்கியபின், 1927 செப்டம்பரில் பதிந்த பொம்மைத் தலையொன்று மங்கலாக வெளிப்பட்டது. பொம்மையை ஏன் வைத்தார் எனின், அக்கருவிக்கு வேண்டிய கடும் விளக்கின் வெப்பத்தை மனிதர் நெடுநேரம் தாங்கமாட்டார். மக்ளீன் மேற்கொண்ட முறையை நாம் நோக்க வேண்டும். அவர் அழுக்கை நீக்கினாரேயன்றிப் புதிய முகத்தை வரைந்து சேர்க்கவில்லை.

நம் பெட்டிக்கு வருவோம். துடைத்து முடித்தபின் பெரியவர் ஒவ்வோர் உறுப்பையும் மீட்டரால் அளந்து, பேரன் கையிலிருந்த குறிப்பேட்டில் எழுதச் செய்தார். வால்வுகளும் டிரான்சிஸ்டர்களும் கலந்த பெட்டி அது. 1970-களில் அத்தகைய கலப்பு வழங்கிற்று. கெட்டவை கண்டென்சர்கள் பதினொன்று, மின்தடைகள் நான்கு, எலி கடித்த கம்பிகள் இரண்டு. ஐயத்திற்குரியன என வேறு சில இருந்தன. இங்கு ஒரு சிக்கல் எழுந்தது. ஐயமுள்ளவற்றையும் சேர்த்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் பெட்டி நெடுநாள் உழைக்கும் என்றான் பேரன். கெட்டவற்றை மட்டும் மாற்றினால் போதும் என்றார் நண்பர். பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "தீப்பிடிக்க இடம் தருபவற்றை மாற்றியே ஆகவேண்டும், ஐயா, அதில் பழமை பார்க்கக்கூடாது. மற்றவை தம் காலம் வரையில் இருக்கட்டும்" என்றார். அஃது எனக்கும் உடன்பாடே. ஓலை செல்லரித்திருந்தால் எண்ணெய் பூசுவோம். அதற்காகப் புதிய ஓலையில் எழுதிவிட்டுப் பழையதைக் கிணற்றில் இடமாட்டோம். ஆடிப்பெருக்கில் சுவடிகளை ஆற்றில் விட்ட நாடு இது என்பதனை மறக்கவியலாது.

பெரிய கண்டென்சர் ஒன்று அலுமினியக் குவளை போல நிமிர்ந்து நின்றது. அதன்மேல் செய்த காலத்து எழுத்துகள் அச்சிட்டிருந்தன. அதனை எடுத்துவிட்டால் தோற்றம் கெடும். ஆகவே, குவளையை அங்கேயே நிற்கவிட்டு, அதன் இணைப்பை மட்டும் துண்டித்து, சட்டத்திற்கு அடியில் சிறிய புதிய கண்டென்சரைப் பற்றவைத்தார். முதலில் என் மனம் இதற்கு ஒப்பவில்லை. கண்ணுக்குப் பழையது தெரிய, வேலையைப் புதியது செய்வது ஒரு வகைப் பொய்யன்றோ? அதனைக் கேட்டேன். அவர் மேசை இழுப்பறையினின்று ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மாற்றிய உறுப்பு ஒவ்வொன்றையும், மாற்றிய நாளையும், பழையதன் அளவையும் அதில் எழுதுமாறு பேரனிடம் தந்தார். கழற்றிய உறுப்புகளை ஒரு மிட்டாய் டப்பாவில் இட்டார். "டப்பாவும் தாளும் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பின்னால் திறப்பவன் ஏமாறமாட்டான்" என்றார். யான் அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை. புள்ளியிட்டுக் காட்டுதல் என்பது வேறு என்ன?

படக்குழாயைப் பற்றித்தான் அவர் மிகவும் கவலையுற்றார். மற்றை உறுப்புகளுக்கு ஈடு செய்ய ஏதேனும் ஒன்று கிடைக்கும். படக்குழாய்க்குக் கிடைப்பது அரிது. வீட்டுத் தொலைக்காட்சிக்குரிய அத்தகைய குழாய்களைச் செய்த தொழிற்சாலைகள் மூடப்பட்டுவிட்டன. குழாய் உயிரற்றதாயின் அத்தனை உழைப்பும் வீண். அதனைச் சோதிக்கும் நாள் வந்தபொழுது நண்பர் காலையில் உண்ணாமலே வந்தார்.

மின்சாரத்தை நேரே கொடுக்காது, நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை இடையில் தொடராக இணைத்தார். மின் பணியாளர் இதனைச் சீரிஸ் பல்பு என்பர். பெட்டியினுள் எங்கேனும் குறுக்கிணைப்பு இருந்தால் மின்சாரம் முழுவதும் பாய முயலும். அப்பொழுது பல்பு முழு ஒளியோடு எரிந்து பாதுகாத்துவிடும். குற்றம் இல்லையாயின், முதலில் பளிச்சிட்டுப் பின்னர் மங்கும். சாவியைத் திருப்பினார். பல்பு பளிச்சிட்டது, மெல்ல மங்கிற்று. பெட்டியின் பின்புறத்தே வால்வுகளுள் செந்நிற இழைகள் ஒவ்வொன்றாகப் பூத்தன. பின்னர்ப் பல்பை விலக்கி முழு மின்சாரம் தந்தார். திரை இருண்டே இருந்தது. ஒரு நிமிடம் சென்றது. பெரியவர் முகத்தில் கவலை தெரிந்தது. அப்பொழுது பேரன், "கீச்சென்று ஒரு மெல்லிய ஓசை கேட்கிறதே" என்றான்.

எங்கள் மூவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவரோ எழுந்து நின்றுவிட்டார். நொடிக்கு 15,625 கோடுகள் இடும் பகுதி வேலை செய்யத் தொடங்கினால், அதே எண்ணிக்கையில் அதிரும் நுண்ணிய ஓசை அங்குள்ள சுருளினின்று எழும். இளஞ்செவிகளுக்கு அது கேட்கும்; வயது ஏற ஏற உயர்ந்த ஓசைகளைக் கேட்கும் ஆற்றல் செவிக்குக் குறைந்துவிடும். தாம் இளமையில் நாள்தோறும் கேட்ட அவ்வோசையை அவரால் இன்று கேட்க இயலவில்லை. சிறுவன் கேட்டதே சான்றாயிற்று. உயர் மின்னழுத்தம் பிறந்துவிட்டது. இன்னும் சிறிது நேரத்தில் திரையின் நடுவே வெள்ளிக் கம்பி போன்ற ஒற்றைக்கோடு குறுக்காகத் தோன்றியது. குழாய் உயிரோடு இருந்தது! மகிழ்ச்சியில் நண்பர் கைகொட்டினார். பெரியவரோ விரைந்து ஒளியைக் குறைத்து, உடனே நிறுத்திவிட்டார். ஒரே கோட்டில் ஒளி முழுவதும் குவிந்தால் திரையின் பூச்சுக் கருகித் தழும்பாகும் என்றார். கற்றையை மேலும் கீழும் இழுக்கவேண்டிய பகுதி உறங்குகிறது என்பதே அக்கோட்டின் பொருள். உழவன் ஒரே சாலில் மீண்டும் மீண்டும் ஓடிக்கொண்டிருக்கிறான் என்று பேரனுக்கு விளக்கினேன். அதற்குள் அவனே அதனைக் கண்டுகொண்டிருந்தான். ஐயத்திற்குரியது என விட்டுவைத்த கண்டென்சர் ஒன்றே அதற்குக் காரணம். தாளில் அதன் பெயரும் ஏறியது.

இன்னொரு தடையும் இருந்தது. பெட்டி முற்றும் செம்மையுற்றாலும், அது பெறுவதற்கு வானில் அலை இல்லை. அக்காலத்து முறையிலான தரைவழி ஒளிபரப்பைத் தூர்தர்சன் படிப்படியாக நிறுத்தி, 2022-ஆம் ஆண்டிற்குள் ஏறத்தாழ முழுவதும் கைவிட்டது. வீட்டுக் கூரைகளில் மீன்முள் போல நின்ற ஆன்டெனாக்கள் இன்று காக்கை அமர்வதற்கே பயன்படுகின்றன. பழைய மொழியை மட்டும் அறிந்த ஒருவரிடம் புதிய மொழியில் பேசினால் அவர்க்கு விளங்காது. இடையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். மாடுலேட்டர் என்னும் சிறு கருவி அப்பணியைச் செய்கிறது. இக்காலத்துப் படக்குறிப்பைப் பெற்று, பழைய பெட்டி அறிந்த அலையாக மாற்றி, ஆன்டெனா செருகும் இடத்தில் தருகிறது. பேரன் அதனை எங்கோ தேடி வாங்கிவந்தான்.

மறுமுறை சாவியைத் திருப்பியபொழுது ஒற்றைக்கோடு மெல்ல விரிந்து திரை முழுவதும் நிறைந்தது. முதலில் படம் சாய்ந்து உருண்டது. பின்புறத்துத் திருகு ஒன்றைப் பெரியவர் தொட்டதும் நின்றது. கறுப்பு வெள்ளையில், ஓரங்கள் சற்று வளைந்து, ஒரு பழைய திரைப்பாட்டு ஓடிற்று. இன்றைய திரைகளோடு ஒப்பிட்டால் அது தெளிவற்ற படமே. மூலைகளில் நிழல் உண்டு. வெண்மை பாலின் நிறமாக இல்லாது சற்றே நீலம் பாய்ந்திருந்தது. நண்பர் நாற்காலியை விட்டுக் கீழே தரையில் அமர்ந்து பார்த்தார். அந்நாளில் தெருவார் அமர்ந்தது அவ்வாறே.

புதிய வீட்டின் கூடத்தில் இப்பொழுது அப்பெட்டி இருக்கிறது. நாள்தோறும் அதனை இயக்குவதில்லை. திங்களுக்கு ஒருமுறை, கண்டென்சர்கள் உலராதிருத்தற்பொருட்டுச் சிறிது நேரம் ஓடவிடுகிறார்கள். பின்பலகையின் உட்புறத்தே பேரன் எழுதிய தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. அதனருகே மிட்டாய் டப்பாவும், துணிப்பையில் அந்த உரிமப் புத்தகமும் உள்ளன. சென்ற பொங்கலின்போது தாளில் மேலும் வரி ஒன்று சேர்ந்தது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு பழுதாகிவிட்டதாம். இம்முறை அதனை மாற்றியவன் பேரன். பெரியவர் நாற்காலியில் அமர்ந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.